பெட்டியில் அசல், சுவரில் நகல்

(தாயில்பட்டியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் நாங்கள் பேசியது. வேலைக்குப் போனதால் வர முடியாத உறுப்பினர்களுக்காக, ஏறக்குறைய பேசியபடியே எழுதித் தருகிறோம்.)



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். தீர்மானப் புத்தகத்திலும் கையெழுத்துப் போட்டாச்சு. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு, யாரும் எழுந்திருக்க வேண்டாம். இன்றைக்கு நாங்கள் பேச நினைத்தது உங்கள் வீட்டில் இருக்கிற பழைய போட்டோக்களைப் பற்றி. “போட்டோவப் பத்திப் பேச என்ன மேடம் இருக்கு?” என்று முன்வரிசையில் ஒரு அக்கா இப்பவே சிரிக்கிறார். ஒரு வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் கேட்டிருந்தால் நாங்களும் அப்படித்தான் சிரித்திருப்போம்.

போன வருஷம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசு இருக்கும். எந்த ஊர், எந்தக் குழு என்று சொல்ல மாட்டோம். அவளுடைய அம்மா நம்ம குழு உறுப்பினர். பயர் ஆபீஸ் விபத்தில் தவறிப்போனவர். அப்போது இந்தப் பிள்ளைக்கு நாலு வயசு. அம்மாச்சிதான் வளர்த்தார். “எனக்குக் கல்யாணம் வச்சிருக்காங்க அக்கா. மணவறையில அம்மா படம் வைக்கணும். வீட்டுல ஒரு படம்கூட இல்ல. கல்யாணத்துல எடுத்தது மழையில போயிருச்சாம். உங்ககிட்ட குழு படம் இருக்கும்னு அம்மாச்சி சொல்லிச்சு” என்றாள்.

இருந்தது. 2004-ல் அந்தக் குழு சுழல் நிதி காசோலை வாங்கிய அன்று வங்கி வாசலில் நின்று எடுத்த படம். பன்னிரண்டு பேர், இரண்டு வரிசை. எங்கள் பீரோவில், அந்தக் குழுவின் கோப்பில், பிளாஸ்டிக் கவருக்குள் இருபது வருஷமாக இருந்தது. பத்திரமாகத்தான் வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பீரோ நின்ற சுவர் மழைக்கு ஓதம் அடிக்கிற சுவர். படம் கவரோடு ஒட்டிப்போயிருந்தது. எங்களில் ஒருவர், அவசரத்தில், நல்லது செய்கிற நினைப்பில்தான், கவரைப் பிடித்து இழுத்தார். படத்தின் மேல்தோல் கவரோடு வந்துவிட்டது. பின்வரிசையில் மூன்று பேருக்கு முகம் இல்லை. அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு நாடியும் கழுத்தில் கிடந்த பாசிமணியும்தான் மிச்சம்.

அந்தப் பிள்ளை அழவில்லை. “பரவாயில்லக்கா” என்று சொன்னாள். அந்த ஒரு வார்த்தைதான் எங்களைத் தூங்கவிடவில்லை. வரவு செலவுப் புத்தகம், ரசீது, தணிக்கை அறிக்கை எல்லாம் பைசா பிசகாமல் வைத்திருக்கிற நாங்கள், ஒரு தாயின் முகத்தைக் கெடுத்துவிட்டோம்.

அப்புறம் அந்தப் படத்தில் நின்ற மற்ற பதினோரு பேரையும் தேடிப் போனோம். நாலு பேர் திருப்பூர் பக்கம் போய்விட்டார்கள். ரெண்டு பேர் உயிரோடு இல்லை. மற்றவர்களில் சிலர் படமே வாங்கவில்லை, காசு கொடுத்து யார் வாங்குவது என்று விட்டுவிட்டார்களாம். கடைசியில் ஒரு பெரியம்மா, “இருங்க பாக்கேன்” என்று உள்ளே போய், தகரப் பெட்டியைத் திறந்து, கூறைச்சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரை எடுத்தார். உள்ளே அதே படம். பின்வரிசையில் இடதுபக்கம் மூன்றாவதாக அந்த அம்மா முழுசாக, லேசாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். சுவர் ஓரம் இல்லாத பெட்டி, பருத்தித் துணி, காகிதக் கவர். பெரியம்மா யாரிடமும் பயிற்சி எடுத்தவர் இல்லை. ஆனால் நாங்கள் பீரோவில் செய்யத் தவறிய மூன்றையும் அவர் செய்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கவும் விசாரிக்கவும் ஆரம்பித்தோம்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. 1955-ல் தொடங்கியது. அங்கே உள்ள ஆராய்ச்சியாளர்கள் சில வருஷங்களுக்கு முன்னால் தமிழ்நாட்டின் பழைய போட்டோ ஸ்டூடியோக்களைத் தேடிப்போய், அங்கேயும் குடும்பங்களிடமும் இருந்த பழைய படங்களை ஸ்கேன் செய்து சேர்த்தார்கள். லண்டனில் இருக்கிற பிரிட்டிஷ் நூலகம், அழியும் நிலையில் உள்ள ஆவணங்களுக்கென்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அதன் உதவியும் இதற்குக் கிடைத்தது. இவர்கள் தேடியது ராஜா, மந்திரி படங்களை அல்ல. கல்யாண ஜோடி, குடும்பமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தது, முதல் பிறந்தநாள் குழந்தை, இறந்தவரை உட்கார வைத்து எடுத்தது. சாதாரணக் குடும்பங்கள் தங்களை எப்படிப் பார்க்க ஆசைப்பட்டன என்பதற்கு இதைவிட வேறு சாட்சி கிடையாது. சர்க்கார் காகிதத்தில் நம்ம பெயர் இருக்கும், கைரேகை இருக்கும். முகம் ஸ்டூடியோவில்தான் இருந்தது. ஆனால் அந்த ஸ்டூடியோக்களில் பல மூடிப்போய்விட்டன. பழைய கண்ணாடி நெகடிவ்களைக் கழுவி வெறும் கண்ணாடியாக விற்றுவிட்டதும், பிலிம் சுருள்களை இடம் அடைக்கிறது என்று தூக்கிப் போட்டதும் ஊருக்கு ஊர் நடந்த கதை. ஆகவே ‘நெகடிவ் ஸ்டூடியோக்காரர்கிட்ட இருக்கும், அப்புறம் வாங்கிக்கலாம்’ என்ற நினைப்பு இனி வேண்டாம்.

நம்ம பக்கத்திலேயே கோவில்பட்டியை எடுத்துக்கோங்க. சாமி படம் வரைந்த கொண்டையராஜுவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் படங்கள் சிவகாசியில் அச்சாகித்தான் காலண்டராக ஊர் உலகமெல்லாம் போயின. அவர் தன் சீடரோடு கோவில்பட்டியில் நடத்திய தேவி ஆர்ட் ஸ்டூடியோ போட்டோ பிடிக்கிற இடமும்கூட. அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் ‘டச்சிங்’ என்று ஒரு வேலை உண்டு. நெகடிவ் மேல் கூர்மையான பென்சிலால் தழும்பை மறைப்பார்கள். கருப்பு வெள்ளைப் படத்துக்குத் தூரிகையால் சேலைக்கு நிறம், நகைக்கு மஞ்சள், உதட்டுக்குச் சிவப்பு கொடுப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படிக் கையால் வண்ணம் தீட்டிய படம் இருந்தால் அது போட்டோவும் ஓவியமும் சேர்ந்தது. ஈரத்துணி பட்டால் வண்ணம் கரைந்துவிடலாம்.

இப்போது ஒரு கேள்வி. வெள்ளிக் கொலுசு ஏன் கறுக்குது? வியர்வை, காற்று என்று சொல்வீர்கள். அதில் முக்கியமான ஆள் கந்தகம். வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தால் கறுப்பு. பழைய கருப்பு வெள்ளைப் படம் என்பது காகிதத்தின் மேல் மெல்லிசாகத் தடவிய ஒரு பசை. ஜெலட்டின் என்பார்கள், மாட்டு எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. அந்தப் பசைக்குள் பொடிப்பொடியாக இருக்கிற வெள்ளிதான் நமக்கு முகமாகத் தெரிகிறது. ஆக உங்கள் அப்பத்தாவின் கூந்தல் கருப்பாகத் தெரிவது வெள்ளியால்! நம்ம ஊரில் கந்தகத்துக்குப் பஞ்சமா? மருந்து செலுத்துகிற அறையில் இருந்துவிட்டு வருகிற கையில், சேலையில், தலைமுடியில் எல்லாம் அது இருக்கும். அந்தக் கையோடு படத்தைத் தொட்டால் விரல் பட்ட இடம் நாளாவட்டத்தில் பழுப்பாகும், மங்கும். குளித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் துடைத்துவிட்டு, படத்தின் ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள். நடுவில் விரல் வைக்காதீர்கள். வேலைக்குப் போட்டுப் போகிற துணி தொங்குகிற கொடிக்குப் பக்கத்தில் படப்பெட்டி வேண்டாம். (வீட்டுக்குள் மருந்தோ கருந்திரியோ இருக்கவே கூடாது. அது வேற பேச்சு, பல தடவை பேசியிருக்கோம், இன்னும் பேசுவோம்.)

அந்தப் பசை ஜெல்லி மாதிரி என்று சொன்னோமே, மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி ஊதும். ஊதும்போது எது மேலே படுகிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி, பிளாஸ்டிக், பக்கத்துப் படம், எதுவானாலும் சரி. எங்கள் பீரோவில் நடந்தது அதுதான். வெள்ளிப் பூச்சிக்கு, நம்ம பெரியவர்கள் ராமபாணம் என்பார்களே, அதற்கு இந்தப் பசை பலகாரம் மாதிரி. பூசணமும் இதைத்தான் தின்னும்.

கலர் படத்தின் கதை வேறு. அதில் இருப்பது சாயம். வெயில் வெளிச்சம் பட்டால் சேலை வெளுப்பது போல வெளுக்கும். 1970, 80-களில் எடுத்த கலர் படங்கள் பெட்டிக்குள் இருட்டில் இருந்தால்கூட மெல்ல மெல்லச் சிவந்தோ மஞ்சளாகவோ போய்விடும். அப்பத்தா காலத்துக் கருப்பு வெள்ளைப் படம் நல்லா இருக்கும், உங்கள் கல்யாண ஆல்பம் வெளுத்திருக்கும். நீங்களே போய்ப் பாருங்கள். அதனால் நகல் எடுப்பது என்றால் கலர் படங்களைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

சுவரில் மாட்டியிருக்கிற படங்களுக்கு வருவோம். நம்ம வீடுகளில் இறந்தவர்கள் படம்தான் சுவரில் ஏறும். வெள்ளிக்கிழமை தவறாமல் ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூப் போடுவோம். அந்த மரியாதையை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஈரம் சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே இறங்குகிறது. சந்தனம் வழிந்து கண்ணாடிக்கு அடியில் போகிறது. பத்து வருஷத்தில் நெற்றியில் வைத்த பொட்டு முகம் முழுக்கப் பரவிய படங்களை எங்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். கண்ணாடி இல்லாத படத்தில் நேராகப் பொட்டு வைத்த வீடுகளும் உண்டு. இதற்கு ஒரே வழிதான். பெட்டியில் அசல், சுவரில் நகல். அசலைப் பத்திரப்படுத்திவிட்டு, அதைப் பார்த்து எடுத்த பிரதியைச் சட்டம் போட்டு மாட்டுங்கள். அதற்குப் பொட்டு வையுங்கள், மாலை போடுங்கள், விளக்கேற்றுங்கள். கெட்டுப்போனால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். சாமிக்கு உற்சவர், மூலவர் என்று இரண்டு இல்லையா? வெளியே வருகிறவர் உற்சவர்தானே.

ஏற்கெனவே கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். தயவுசெய்து பிய்க்காதீர்கள். நாங்கள் பட்டது போதும். கண்ணாடியோடு வைத்தே நகல் எடுக்க முடியும்.

அடுத்து லேமினேஷன். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் கொண்டுபோய் லேமினேட் பண்ணுகிற பழக்கத்தில் பழைய படத்தையும் கொடுத்துவிடுகிறோம். சூடான உருளைக்குள் போகும்போதே பசை இளகும். அப்புறம் அந்தப் பிளாஸ்டிக்கை எவராலும் எடுக்க முடியாது. உள்ளே பூசணம் இருந்தால் அதையும் சேர்த்து மூடியாச்சு. கிழிந்த படத்துக்குச் செல்லோடேப் ஒட்டுவதும் அப்படித்தான், நாலு வருஷத்தில் டேப் மஞ்சளாகி அதன் கறை படத்தில் நிற்கும். கிழிந்த துண்டுகளை ஒட்டாமல் ஒரே கவரில் போட்டு வைத்தால் போதும். ஸ்கேன் எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் சேர்க்கிறவர் சேர்த்துக்கொள்வார்.

வைக்கிற பெட்டி பெரிய விஷயம் இல்லை. தகரப் பெட்டி போதும், துரு இல்லாமல் இருக்கணும். தரையில் வைக்காமல் ரெண்டு செங்கல் மேல் வையுங்கள், கரையான் ஏறினால் தெரியும். அடுப்படிப் பக்கமும் ஓதச் சுவர் பக்கமும் வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை வீட்டில் பரண் மேல் வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் அங்கே அப்பளம் பொரிக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் வெள்ளைத் தாள். செய்தித்தாள் கூடாது, அதில் உள்ள புளிப்புத்தன்மை படத்தைப் பழுப்பாக்கும். ரப்பர் பேண்ட், குண்டூசி, ஜெம் கிளிப் எதுவும் வேண்டாம். பூச்சி மருந்து அடிக்க வேண்டாம். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது ஒரு தடவை திறந்து, நிழலில் காற்றாட வைத்து, காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தாலே பாதிப் படங்கள் தப்பிக்கும்.

நகல் எடுப்பது பற்றி. டவுனில் ஸ்டூடியோவிலோ ஜெராக்ஸ் கடையிலோ ஸ்கேனர் இருக்கும். ‘அறுநூறு டிபிஐ-யில் எடுங்க’ என்று கேளுங்கள். என்ன அர்த்தம் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவருக்குத் தெரியும். எண்ணிக்கை கூடினால் பெரிசு பண்ணும்போது முகம் உடையாது. பக்கத்திலேயே நின்று எடுத்து, அசலைக் கையோடு வாங்கி வாருங்கள். ‘வச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்க’ என்றால் வேண்டாம். எங்கள் பணியாளர் ஒருவர் வீட்டில் தாத்தாவின் ஒரே படத்தை அப்படி ஒரு கடையில் விட்டுவிட்டு வந்து, ஆறு மாசம் நடந்து, கடைசியில் ‘தேடிப் பாத்தோம், காணோம்’ என்ற பதிலோடு திரும்பினார்கள்.

ஸ்கேனர் கிடைக்காவிட்டால் செல்போனே போதும், மோசமில்லை. வெயில் நேராக விழாத, வெளிச்சமுள்ள திண்ணையில் படத்தைப் படுக்க வைத்து, பிளாஷ் அணைத்து, போனைப் படத்துக்கு நேர் மேலே சாயாமல் பிடித்து எடுங்கள். கண்ணாடி போட்ட படம் என்றால் நம்ம உருவமே அதில் தெரியும். அப்போது கருப்புக் குடையை விரித்துப் பின்னால் பிடிக்கச் சொல்லுங்கள், பிரதிபலிப்பு போய்விடும். பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஒரு படம் எடுங்கள். எடுத்ததை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ என்ற இடத்தில் போய் அனுப்பினால் முழுசாகப் போகும், பிள்ளைகளைக் கேளுங்கள், செய்து தருவார்கள். போன் தொலையும், உடையும், கிணற்றில் விழும். அதனால் ஒரே போனில் வைத்திருப்பது வைத்திருப்பதே இல்லை. ஒரு பென் டிரைவ், ஒரு பிரிண்ட், வெளியூரில் கட்டிக்கொடுத்த தங்கச்சி வீட்டில் ஒரு காப்பி. அந்தப் பெரியம்மாவின் தகரப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வேற வீட்டில் இன்னொன்று இருந்ததால்தான் அந்த முகம் பிழைத்தது.

அந்தப் பிள்ளையின் கதையில் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. குழு படத்தில் அவள் அம்மாவின் முகம் கட்டைவிரல் நகம் அளவுதான். அதைப் பெரிசாக்கினால் புள்ளிபுள்ளியாக வந்தது. கடையில் ஒரு தம்பி, “இப்ப ஏ.ஐ. இருக்குக்கா, ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிருவேன்” என்று செல்போனிலேயே செய்து காட்டினார். பளிச்சென்று வந்தது. கண் இமை ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். அம்மாச்சி வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். “நல்லாத்தான் இருக்கா. யாரு இவ?” என்றார். தெரியாத இடத்தை அந்த ஆப் தானாக நிரப்புகிறது. ஆயிரம் வேறு முகங்களைப் பார்த்துப் பழகியது, இங்கே ஒரு கண் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்துப் போட்டுவிடுகிறது. அந்த அம்மாவுக்கு ஒரு பல் கொஞ்சம் முன்னால் இருக்கும், அது போயிருந்தது. மூக்குத்தி போய், மூக்கே ஒரு சினிமாக்காரி மூக்காக மாறியிருந்தது. கடைசியில் கீறலையும் கறையையும் மட்டும் எடுத்துவிட்டு, முகத்தில் கை வைக்காமல், கொஞ்சம் மங்கலாகவே பெரிசு பண்ணி மணவறையில் வைத்தார்கள். ஆப் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆசைக்குச் செய்து பாருங்கள். ஆனால் அதையே அசல் என்று வைத்துவிட்டுப் பழசைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். உங்கள் பேத்தி பார்க்கும்போது அது உங்கள் அம்மாவாக இருக்க வேண்டும்.

இறந்த கணவர் படத்தையும் தன் படத்தையும் சேர்த்து ஜோடியாக்கித் தரச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள். இது புதுசு இல்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே ஸ்டூடியோக்களில் ரெண்டு நெகடிவைச் சேர்த்து இதைச் செய்தார்கள். கல்யாணத்தன்று படம் எடுக்க வசதியில்லாதவர்கள் இருபது வருஷம் கழித்து ஜோடியாவது இப்படித்தான். தாராளமாகச் செய்யுங்கள். பின்னால் ‘சேர்த்த படம்’ என்று மட்டும் எழுதிவையுங்கள்.

எழுதுவது என்றதும் ஞாபகம் வருது. பெயர் எழுதாத படம் பாதிப் படம்தான். 2022-லிருந்து வெம்பக்கோட்டை பக்கம் விஜயகரிசல்குளத்தில் தொல்லியல் துறை தோண்டியிருக்கிறார்கள், போய்ப் பார்த்திருப்பீர்கள். சங்கு வளையல் துண்டுகளும் பாசிமணிகளும் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அந்த வளையல் போட்ட பெண் யார்? பெயர் தெரியாது. அது நூற்றாண்டுகள் பழசு, விடுங்கள். நம்ம வீட்டுப் பெட்டியில் ஐம்பது வருஷப் படத்தில் இருக்கிற பெண்ணுக்கும் அதே நிலைமைதானே? மாமியாருக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியாது. மாமியார் போய்விட்டால் அந்தப் படத்தில் இருப்பவர் யாரோ ஆகிவிடுகிறார். அதிலும் ஆண்களை எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறோம், இன்னார் தாத்தா என்று. பக்கத்தில் நிற்கிற பெண்ணை ‘அவர் சம்சாரம்’ என்கிறோம். அவருக்குப் பெயர் இல்லையா? இந்த வாரம் வீட்டில் வயசான அம்மாச்சி, அப்பத்தா, பெரியம்மா இருந்தால் படங்களைக் கொண்டுபோய் அவர்கள் மடியில் போடுங்கள். யார், எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர், எந்த விசேஷத்தில் எடுத்தது என்று கேட்டு எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் அழுந்திவிடும், மை ஊறும். மெத்தென்ற பென்சிலால், பின்பக்கம் ஓரத்தில், லேசாக எழுதுங்கள். இந்தக் காலத்து வழவழப்பான படத்தில் பென்சில் பிடிக்காது, அதற்குக் கவரின் மேல் எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.

வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று ஒரு தங்கச்சி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறாள். நல்ல கேள்வி. 2023 டிசம்பர் 17, 18-ல் நம்ம பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியில் என்ன நடந்தது என்று தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பிறகு ரேஷன் கார்டு, பட்டா, மார்க் ஷீட் போனவர்களுக்கு அரசாங்கம் முகாம் போட்டு நகல் கொடுக்கும். 2015-ல் சென்னையிலும் கொடுத்தார்கள். போட்டோவுக்கு நகல் கொடுக்க எந்த முகாமும் கிடையாது. ஜப்பானில் 2011 மார்ச் 11-ல் சுனாமி வந்தபோது, யமமோட்டோ என்ற ஒரு சின்ன ஊரில் சேற்றிலிருந்து பொறுக்கிய குடும்பப் படங்கள் மட்டும் சுமார் 7,50,000. தன்னார்வலர்கள் அவற்றை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் கழுவி, கொடி கட்டிக் காயவைத்து, நகல் எடுத்து, உரியவர்களைத் தேடித் திருப்பிக் கொடுக்க முயன்றார்கள். வீடு போனவர்கள், ஆள் போனவர்கள் படத்தைத் தேடி அந்த இடத்துக்கு வந்து நின்றார்கள். ஆகவே நனைந்த படத்தைக் குப்பை என்று ஒதுக்காதீர்கள். ரெண்டு நாளைக்குள் பார்க்க வேண்டும், அதற்கு மேல் போனால் பூசணம். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அப்படியே மிதக்கவிட்டால் தானாகப் பிரியும். இழுக்காதீர்கள், தேய்க்காதீர்கள். பிரிந்ததை நிழலில் துணி மேல் முகம் மேலே பார்க்கக் காயவிடுங்கள், அல்லது ஓரத்தில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிடுங்கள். வெயில் கூடாது, சுருண்டுவிடும். முகம் ஏற்கெனவே கரைய ஆரம்பித்திருந்தால் தண்ணீரில் போடவே வேண்டாம். கம்ப்யூட்டர் பிரிண்டரில் எடுத்த படத்தையும் கழுவக் கூடாது, மை ஓடிவிடும்.

கூட்டம் முடிகிற நேரத்தில் பின்னாலிருந்து ஒரு அக்கா எழுந்தார். “இதெல்லாம் படம் இருக்கிறவங்களுக்கு மேடம். எங்கம்மாவுக்குப் படமே எடுக்கலையே, நான் எதைப் பத்திரப்படுத்த?” என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்திலும் நடந்த விபத்துகளை இந்த ஊரில் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அவற்றுக்குப் பிறகு தன் வீட்டு ஆளின் ஒரு படத்துக்காக அலைந்தவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவருக்கு நாங்கள் சொன்னது இது. படமே எடுக்கவில்லை என்று உடனே முடிவு பண்ண வேண்டாம். வாக்காளர் அட்டையில் ஒரு சின்ன முகம் இருக்கலாம், பழைய கருப்பு வெள்ளை அட்டையாக இருந்தாலும் சரி. நூறுநாள் வேலை அட்டையில் இருக்கலாம். மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குக் குடும்பமாக நின்று எடுத்தது இருக்கலாம். வங்கிப் பாஸ்புத்தகம், ஈ.எஸ்.ஐ. அட்டை, பயர் ஆபீஸ் அடையாள அட்டை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பங்களை வாங்கி, நடுவில் இருக்கிற ஜோடியை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். பந்தி பரிமாறிக்கொண்டு, ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நம்ம அம்மாக்கள் அங்கேதான் நிற்பார்கள். 1990-களில் எடுத்த கல்யாண வீடியோ கேசட் யார் வீட்டிலாவது பரணில் கிடந்தால் அதை இப்போதே கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். நாடா நாளுக்கு நாள் கெடுகிறது, அதை ஓட்டுகிற இயந்திரமும் அருகிவிட்டது. அதில் ரெண்டு விநாடி அம்மா நடந்து போனால் நிறுத்தி ஒரு படம் எடுக்கலாம். அப்புறம் எங்கள் பீரோ. குழுக்கள் தொடங்கிய நாளிலிருந்து உள்ள படங்களை இப்போது பிளாஸ்டிக்கிலிருந்து பிரிக்க முடிந்ததைப் பிரித்து, முடியாததை அப்படியே வைத்து, எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து வருகிறோம். பாதிக்கு மேல் யார் யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தப் படங்களின் பிரிண்டை மேசையில் பரப்பி வைக்கிறோம். சேமிப்புத் தொகை கட்டிவிட்டுப் பொறுமையாகப் பாருங்கள், தெரிந்தவர் பெயரைச் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். வீட்டிலிருந்து குடும்பத்துக்கு ஒரு படம் கொண்டுவந்தால் அன்றைக்கே நகல் எடுத்துக் கையோடு திருப்பிக் கொடுப்போம். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், ரெண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவாங்க. அந்த அக்கா தன் அத்தை வீட்டு ஆல்பத்தைக் கேட்டு வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.